தலைக்கவசமும் கமராவும்



எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பர் நம் முன்னோர். அச்சிரசைக் காப்பதற்கென்றே ஆக்கப்பட்ட பொருள் தலைக்கவசம். அதன்மேல் வேறொரு பொருளை ஏற்றி வைக்க விரும்புவோர், அப்பொருள் கவசத்தின் தொழிலுக்கு இடையூறாகுமா என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் தம் தலைக்கவசத்திலே பொருத்திச் செல்லும் சிறிய கமராவைப் பற்றி இன்று சிறிது ஆராய்வோமாக.

மாத்தளை மாவட்டத்து வீதிகளை அறிந்தவர்களுக்கு, இந்தச் சின்னஞ்சிறு கருவியின்மேல் இளைஞர் கொண்டுள்ள ஆசை வியப்பாகத் தோன்றாது. மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டைக்குச் சென்று, அங்கிருந்து மலையேறி, ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, இலுக்கும்புரைப் பக்கமாக இறங்கும் பாதையை நினைத்துப் பாருங்கள். ஒரு வளைவிலே வெயில். அடுத்த வளைவிலே மூடுபனி. அதற்கப்பால் காற்றிலே அலைபாயும் பிட்டவல பத்தனைப் புல்வெளி. 2010 ஆம் ஆண்டிலே உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற மத்திய மலைநாட்டின் ஒரு கூறாகிய நக்கிள்ஸ் மலைத்தொடர் இப்பாதையின் இருமருங்கிலும் விரிந்து கிடக்கிறது. எல்கடுவைப் பக்கம் போனால் தேயிலைச் சரிவுகள். வடக்கே ஏ-9 பெருவீதியில் சென்றால் அலுவிகாரை, நாலந்தா, நாவுல, தம்புள்ளை என்று வரலாறே வழித்துணையாக வருகிறது. இவற்றையெல்லாம் தான் கண்டவாறே வீட்டாருக்கும் வெளிநாட்டிலுள்ள உறவினருக்கும் காட்ட வேண்டும் என்று ஓர் இளைஞன் விரும்பினால், அவ்விருப்பத்தைக் குறை கூற முடியாது.

அவ்விருப்பத்தை நிறைவேற்றும் கருவி தோன்றி நெடுங்காலம் ஆகிவிடவில்லை. அமெரிக்காவிலே நிக் வுட்மன் என்பவர் 2002 ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம், 2004 ஆம் ஆண்டில் 'கோப்ரோ' என்ற பெயருடன் ஒரு சிறு கமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலைச்சறுக்கு விளையாடுவோர் மணிக்கட்டிலே கட்டிக்கொள்வதற்கென அமைந்த அது, 35 மில்லிமீற்றர் படச்சுருளைக் கொண்டு இயங்கியது. இன்று அவ்வகைக் கமராக்களைப் பல நிறுவனங்கள் ஆக்குகின்றன. படச்சுருள் போய் இலக்கமுறை வந்துவிட்டது. கையளவிலும் சிறிய அக்கருவி ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ளது. மழையைத் தாங்கும், அதிர்வைச் சமன்செய்து தெளிவான படம் தரும். ஓட்டுபவன் எங்கே நோக்குகிறானோ அங்கேயே கமராவும் நோக்க வேண்டுமாயின், அதனை வைப்பதற்குத் தலையே தக்க இடம் என்று தோன்றும். அதனாலேதான் தலைக்கவசம் கமராவின் பீடமாக மாறியது.

நிற்க, தலைக்கவசம் எவ்வாறு வந்தது என்பதையும் சிறிது அறிந்துகொள்வோம். 1935 ஆம் ஆண்டு மே மாதத்தில், 'அரேபிய லோறன்ஸ்' என்று பெயர் பெற்ற தி. இ. லோறன்ஸ் இங்கிலாந்தின் டோர்செற் பகுதியில் மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தார். எதிர்ப்பட்ட இரு சைக்கிள் சிறுவர்களுக்கு ஒதுங்கப் போய்த் தூக்கியெறியப்பட்டார். அவர் தலையிலே கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து உயிர் துறந்தார். அவரைப் பார்வையிட்ட மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெயின்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். அம்மரணம் அவர் உள்ளத்தை வருத்தியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், செய்தி சுமந்து செல்லும் இராணுவ மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு நேர்ந்த தலைக்காயங்களை அவர் ஆராய்ந்து, கவசத்தின் பயனை எடுத்துக்காட்டி 1941 ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே பிரித்தானிய இராணுவம் தன் ஓட்டிகளுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது.

கெயின்சுடன் பணியாற்றிய ஹொல்போர்ன் என்னும் பௌதிகவியலாளர் 1943 ஆம் ஆண்டில் மற்றோர் உண்மையை விளக்கினார். மண்டையோட்டின் மீது விழும் நேரான அடி மட்டுமே மூளையைக் கெடுப்பதில்லை. தலை சட்டென்று முறுக்கிச் சுழலும்போது, உள்ளேயிருக்கும் மென்மையான மூளை அச்சுழற்சியோடு ஒத்து ஓட முடியாமல் திரிந்து கிழிகிறது என்றார் அவர். இவ்வுண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கமராவைப் பற்றிப் பேசும்போது இது நமக்கு மீண்டும் வேண்டியிருக்கும்.

இனி, கவசம் செய்யும் தொழில் யாதெனப் பார்ப்போம். அதன் வெளியோடு வழவழப்பான கடினப் பொருளால் ஆனது. அதனுள்ளே, நம் நாட்டவர் பொதுவாக ரெஜிபோம் என்று வழங்கும் வெண்ணிறப் பொருளை ஒத்த நுரைப்படலம் உண்டு. விழுகின்ற தலை தரையிலே மோதும்போது, நுரை நசுங்கி, தலை நிற்பதற்குச் சிறிது இடமும் சிறிது நேரமும் தருகிறது. இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். வினாடிக்கு 7.5 மீற்றர், அதாவது மணிக்கு 27 கிலோமீற்றர் வேகத்தில் வந்து மோதும் தலை, 3 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் சீராக நின்றால், அது தாங்கும் விசை தன் எடையைப் போல ஏறத்தாழ 100 மடங்கு. அதே தலை 3 மில்லிமீற்றருக்குள் நிற்க நேர்ந்தால், அவ்விசை ஏறத்தாழ 1,000 மடங்கு. முன்னதிலே பிழைக்க வழியுண்டு, பின்னதிலே வழியில்லை. இந்தச் சில சென்ரிமீற்றர் நுரையே உயிருக்கும் சாவுக்கும் நடுவிலே நிற்கும் சுவர் எனலாம்.

வெளியோடு வழவழப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. விழுந்த தலை வீதியிலே வழுக்கிச் செல்ல வேண்டும். எதிலாவது கொளுவி நின்றால், உடல் முன்னே செல்லத் தலை பின்னே இழுபட்டு முறுகும். ஹொல்போர்ன் அஞ்சிய சுழற்சி அப்போதே நேர்கிறது. இவ்விரு தொழில்களையும் கவசம் எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதற்குச் சான்று வேண்டுமாயின், 2008 ஆம் ஆண்டிலே வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பைக் கூறலாம். கவசம் அணிதல் மோட்டார் சைக்கிளோட்டியின் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை ஏறத்தாழ 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து அது முடிவு கூறியது.

இப்படிப்பட்ட கவசத்தின் மேல் ஒரு கமராவை வைக்கும்போது, அதன்மீது மூன்று விசைகள் தாக்குகின்றன. அவை காற்று, அதிர்ச்சி, வீழ்ச்சி என்பன.

முதலாவது காற்று. கமராவின் முகப்பு ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் அகலமும் 5 சென்ரிமீற்றர் உயரமும் உள்ளதெனக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலே செல்லும்போது, அதன்மீது காற்றுத் தரும் தள்ளுகை ஏறத்தாழ 70 கிராம் எடைக்குச் சமம். இது சிறிதே. ஆயினும் காற்றின் தள்ளுகை வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுவது; வேகம் இரட்டித்தால் தள்ளுகை நான்கு மடங்காகும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ரிவர்ஸ்டன் கணவாயிலே வீசும் காற்றின் வலிமையை அவ்வழிச் சென்றோர் அறிவர். மணிக்கு 60 கிலோமீற்றரில் செல்பவனை எதிர்த்து 40 கிலோமீற்றர் வேகக் காற்று வீசுமாயின், முன்சொன்ன 70 கிராம் ஏறக்குறைய 190 கிராம் ஆகிவிடும். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பெரிய லொறியொன்று ஏ-9 வீதியில் எதிரே கடந்து போகும்போது ஏற்படும் காற்றடியும் இத்தகையதே.

இரண்டாவது அதிர்ச்சி. மழையால் அரிக்கப்பட்ட மலைப்பாதையின் குழியொன்றில் சில்லு இறங்கி ஏறும்போது, தலை கணப்பொழுது மேலும் கீழும் உதறப்படுகிறது. அவ்வுதறல் புவியீர்ப்பைப் போல ஐந்து மடங்காக இருந்தால், 150 கிராம் கமரா 750 கிராம் பொருளைப் போலத் தன் பிடியை இழுக்கும். ஒரு முறை இழுத்தால் பிடி தாங்கும். ஒரு பயணத்திலே ஆயிரம் முறை இழுத்தால், ஒட்டின் ஓரம் சிறிது சிறிதாகக் கிளம்பும். திருகாணி சிறிது சிறிதாகத் தளரும்.

மூன்றாவது வீழ்ச்சி. ஓட்டுபவன் விழுந்து தலை தரையிலே மோதும்போது, கமரா தலைக்கும் தரைக்கும் நடுவிலே அகப்படலாம். அப்போது, பரந்த ஓட்டின் மீது விழவேண்டிய அடி, கமராவின் சிறிய அடித்தளத்தின் மீது குவிகிறது; அவ்விடத்து நுரை மட்டும் ஆழ நசுங்குகிறது. அன்றி, கமரா தரையிலோ வேலியிலோ கொளுவி, தலையை முறுக்கலாம்.

முதல் இரண்டு விசைகளும் கமராவை உறுதியாகப் பிடித்துவை என்கின்றன. மூன்றாவதோ, உரிய வேளையில் அதனை விட்டுவிடு என்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதுதான் கமராவைப் பாதுகாப்பாகப் பொருத்தும் கலை. காற்றுக்கும் குழிக்கும் அசையாது நிற்க வேண்டும். தலை தரையிலே மோதும் பலத்த அடிக்குக் கழன்று போக வேண்டும். எந்நிலையிலும் கழலாதவாறு இறுகப் பிணைத்தலே பாதுகாப்பு என்று எண்ணுவோர் கமராவைக் காக்கிறார்கள், தலையை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே முதல் விதி இது: கவசத்திலே துளையிடுதல் ஒருபோதும் கூடாது. ஓட்டைத் துளைத்துத் திருகாணி முடுக்கினால் பிடி உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் துளைத்த இடத்தில் ஓடு வலுவிழக்கும். விபத்து வேளையில் அத்திருகாணியே நுரையினூடாகத் தலையை நோக்கி வரும். உலோகத்தால் ஆன நீண்ட கைகளும் ஆகா. பிளாஸ்டிக்கால் ஆன குட்டையான தாங்கியும், ஓட்டின் மேற்பரப்பிலே மட்டும் பற்றும் ஒட்டுப்பட்டியுமே ஏற்றவை. பலத்த அடிபட்டால் அப்பிளாஸ்டிக் மூட்டு முறியும், அல்லது ஒட்டு உரிந்து வரும். அது குறைபாடன்று, அவ்விடத்தில் அதுவே நமக்கு வேண்டிய குணம்.

இனி, கமராவை எவ்விடத்திலே பொருத்துவது என்பதைப் பார்ப்போம். உச்சி, பக்கம், தாடை என்று மூன்று இடங்கள் உண்டு. உச்சியிலே வைத்தால் காட்சி உயரத்திலிருந்து தெரியும். ஆனால் காற்றின் தள்ளுகை கழுத்திலிருந்து மிகத் தொலைவிலே தாக்குவதால், நெம்புகோல் போலத் தலையைப் பின்னுக்குச் சாய்க்கும். நெடும் பயணத்திலே கழுத்து வலிக்கும். இரத்தோட்டைக்கு அப்பால் வீதியோரத்து மூங்கிலும் மரக்கிளையும் தாழ்ந்து நிற்கும் இடங்களிலே அது கிளையில் மாட்டவும் கூடும். பக்கத்திலே வைத்தால் எடை ஒருபுறம் சாய்ந்து, ஓட்டுபவன் தன்னையறியாமலே தலையை மறுபுறம் இழுத்துப் பிடிக்க நேரும். பக்கவாட்டில் விழும்போது முதலில் தரையைத் தொடுவதும் அதுவாகலாம். தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் வரும் வாகனத்தைப் பார்ப்பதற்கும் அது தடையாகலாம்.

முகம் முழுவதையும் மூடும் கவசமாயின், தாடைப் பகுதியின் நடுவே வைப்பதைப் பெரும்பாலோர் விரும்புகின்றனர். எடை நடுக்கோட்டில் நிற்கிறது. கண்ணின் மட்டத்துக்கு அண்மையாக இருப்பதால் காட்சியும் இயல்பாக அமைகிறது. காற்றின் நெம்புகையும் குறைவு. எனினும் மூன்று காரியங்களைக் கவனித்தல் வேண்டும். முகக் கண்ணாடி தடையின்றித் திறந்து மூட வேண்டும். காற்றுத் துவாரங்கள் அடைபடலாகாது. மழைக்காலத்தில் அவை அடைபட்டால் கண்ணாடியிலே ஆவி படிந்து வழி தெரியாது போகும். தாடைக்குக் கீழுள்ள வாரையும் கொளுக்கியையும் எவரும் எளிதில் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். விபத்திலே உதவ வருபவர், கமராவின் கட்டுக்களை அவிழ்ப்பதிலே நேரத்தைப் போக்கலாகாது.

முகத்தைத் திறந்து வைக்கும் அரைக் கவசங்களை அணிவோர் நம்மிடையே பலர். அக்கவசத்திற்குத் தாடைப் பகுதியே இல்லை. அதன் நெற்றியிலோ பக்கத்திலோ கமராவைத் தொங்கவிடுவதைக் காட்டிலும், பின்னே நாம் கூறப்போகும் வேறு வழிகளை நாடுவதே நன்று.

பொருத்தும் முறையை இனி வரிசையாகக் கூறுவோம். ஓட்டின் வளைவுக்கு ஏற்ற தாங்கியைத் தெரிந்தெடுங்கள். வளைந்த இடத்திலே தட்டையான அடித்தளத்தை ஒட்டினால் நடு மட்டுமே பற்றும். ஓரங்கள் அந்தரத்தில் நிற்கும். சொரசொரப்பான மேற்பரப்பிலும், படங்கள் ஒட்டிய தாள் மீதும் ஒட்டுதல் கூடாது. தாள் உரிந்தால் கமராவும் உடன் வரும்.

அடுத்தது துப்புரவு. மென்மையான சவர்க்கார நீரால் அவ்விடத்தைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, தூய துணியால் துடையுங்கள். விரலெண்ணெயும் வீதிப் புழுதியுமே பசையின் முதற் பகைவர். அழுக்குப் போகவேண்டும் என்று பெற்றோலோ தின்னரோ இடுவது பெருந்தவறு. அத்திராவகங்கள் சில வகைப் பிளாஸ்டிக் ஓடுகளிலே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கும். உள்ளே கசிந்தால் நுரையையே கரைத்துவிடும். வெளியே பளபளப்பாகத் தோன்றும் அக்கவசம் உள்ளே பயனற்றதாகியிருக்கும்.

பின்னர் ஒட்டுப்பட்டியின் காப்புத் தாளை உரித்து, பசையை விரலால் தொடாமல், ஒரே முறையில் சரியான இடத்திலே வைத்து, அரை நிமிடமேனும் பலமாக அழுத்துங்கள். ஒட்டியபின் கழற்றி மீண்டும் ஒட்டினால் பிடி பாதியாகக் குறையும் என்றே கொள்ளுங்கள். இங்கே பொறுமை மிக வேண்டும். இவ்வகைப் பட்டிகளை ஆக்குவோர் தரும் கணக்கின்படி, அறை வெப்பநிலையிலே 20 நிமிடத்தில் ஏறத்தாழ அரைப்பங்கு வலிமையும், 24 மணி நேரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கும், 72 மணி நேரத்தில் முழு வலிமையும் கிடைக்கும். எனவே சனிக்கிழமை மலையேற விரும்புபவர் புதன்கிழமை காலைக்குள் ஒட்டிவிட வேண்டும். ஒட்டுவதற்கு ஏற்ற வெப்பநிலை 21 பாகை முதல் 38 பாகை செல்சியஸ் வரை. மாத்தளை நகரின் பகல் வெப்பம் பெரும்பாலும் இதற்குப் பொருந்தும். மூடுபனி சூழ்ந்த மலையுச்சியிலே, ஈரம் படிந்த கவசத்தில், அவசரமாக ஒட்டிக்கொண்டு புறப்படுவது வீண் முயற்சி.

மூன்று நாள் கழித்துச் சோதித்துப் பாருங்கள். கவசத்தை மெத்தையொன்றின் மேலே பிடித்துக்கொண்டு, தாங்கியைப் பற்றி நாற்புறமும் அசையுங்கள். ஓரம் எங்கேனும் கிளம்பினால், அத்தாங்கியை அகற்றிப் புதியது ஒட்டுதல் வேண்டும். அகற்றும்போது கத்தியால் நெம்பாதீர்கள். கொதிநீரோ நெருப்போ காட்டாதீர்கள். மீன்பிடி நைலோன் நூலை அடித்தளத்தின் கீழே நுழைத்து, அரிவாள் போல மெல்ல இழுத்தால் பசை அறுந்து வரும்.

கமராவைத் தாங்கியிலே மாட்டியபின், வண்டியில் ஏறி அமர்ந்து, ஓட்டும் நிலையிலே தலையை வைத்து, கமராவின் கோணத்தைச் சரிசெய்யுங்கள். நின்றபடி சரிசெய்த கோணம், குனிந்து ஓட்டும்போது தரையையே காட்டும். கைத்திருகாணியை நன்றாக முடுக்குங்கள். தேநீர் குடிக்க நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும் அதனை ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

கமரா கழன்றால் வீதியிலே விழுந்து போகாதிருக்க, சிறு கயிறொன்றால் அதனைக் கட்டிவைப்பது உண்டு. பின்னால் வருபவரின் நலத்தைக் கருதினால் இது நல்ல பழக்கமே. ஆனால் அக்கயிறு மெல்லியதாக இருக்க வேண்டும். பலமாக இழுபட்டால் அறுந்துவிட வேண்டும். முகத்துக்கு எட்டாதவாறு சில விரற்கடை நீளமே போதும். கவசத்தின் வாரிலோ, கழுத்தைச் சுற்றியோ அதனைக் கட்டுவது எவ்வகையிலும் தகாது.

இனி, சட்டமும் தரமும் இதுபற்றி என்ன கூறுகின்றன? நம் நாட்டிலே ஓட்டுபவரும் பின்னாலிருப்பவரும் கவசம் அணிதல் சட்டப்படி கட்டாயம். தலைக்கவசங்களுக்கென இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் வகுத்த தரம் எஸ்.எல்.எஸ். 517 என்பது. கவசம் வாங்குவோர் இவ்விலக்கத்தைப் பார்த்து வாங்குதல் வேண்டும். தரச் சோதனை கவசம் ஆலையிலிருந்து வந்த நிலையிலே செய்யப்படுவது. நாம் பின்னர் ஒட்டிய கமராவோடு சேர்த்து எவரும் அதனைச் சோதித்ததில்லை. அமெரிக்க நாட்டு விதி, கவசத்தின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கடினப் பகுதி 5 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது என்கிறது. 2021 ஆம் ஆண்டிலே நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரமாகிய இ.சி.இ. 22.06, கவசத்தை ஆக்குவோர் அதற்கென வழங்கும் துணைக்கருவிகளையும் சோதனைக்கு உட்படுத்துகிறது. தலை சுழலும் அபாயத்தையும் சாய்வான மோதல் மூலம் அளக்கிறது. 1943 ஆம் ஆண்டிலே ஹொல்போர்ன் சொன்னது தரவிதியாவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சென்றன.

நம் அயலிலே, கேரள மாநிலத்து மோட்டார் வாகனத் துறை 2022 ஆம் ஆண்டில், தலைக்கவசத்திலே கமரா பொருத்துவது குற்றமெனக் கூறித் தண்டம் விதிக்க முற்பட்டது. கவசத்தின் அமைப்பு மாறினால் அதன் பாதுகாப்புக் குறையும் என்பதே அத்துறை கூறிய காரணம். பிற நாடு செல்வோர் அவ்வந்நாட்டு விதியை அறிந்துகொண்டு செல்லுதல் நலம்.

கமரா உண்மையிலேயே தீங்கு செய்ததா என்ற விவாதத்தை உலகெங்கும் எழுப்பிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. காரோட்டப் போட்டிகளில் ஏழு முறை உலக வெற்றி வீரரான மைக்கேல் ஷூமாக்கர், 2013 ஆம் ஆண்டு டிசெம்பர் 29 ஆம் நாள், பிரான்சின் அல்ப்ஸ் மலையிலே பனிச்சறுக்கிச் செல்லும்போது பாறையிலே தலை மோதி, கொடிய மூளைக்காயம் அடைந்தார். அவர் கவசம் அணிந்திருந்தார். அக்கவசத்திலே ஒரு சிறு கமராவும் இருந்தது. கமராவே காயத்தை மிகுவித்தது என்று சிலர் கூறினர். அது உறுதியாக நிறுவப்படவில்லை. கவசத்தின் மேல் ஒரு கடினப் பொருளை வைத்தால் அடி எங்கே குவியும் என்பதை முன்கூட்டிக் கூற இயலாது என்ற அளவிலே நாம் பாடம் கற்றுக்கொள்ளலாம்.

அப்படியாயின் கமராவை வேறெங்கே வைக்கலாம்? மோட்டார் சைக்கிளின் கைபிடித் தண்டிலே கவ்விவைக்கும் தாங்கிகள் உள்ளன. தலைக்கு அவற்றால் யாதொரு கேடுமில்லை. கழுத்துக்குச் சுமையும் இல்லை. இயந்திரத்தின் நடுக்கம் படத்திலே சிறிது தெரியும். தாங்கிக்கும் தண்டுக்கும் இடையே றப்பர்த் துண்டொன்றை வைத்து அதனைக் குறைக்கலாம். மார்பிலே அணியும் வார்த் தாங்கியும் உண்டு. கைகளும் வண்டியின் முகப்பும் காட்சியிலே தெரிவதால், அதன் படம் பார்ப்பவருக்குத் தாமே ஓட்டுவது போன்ற உணர்வைத் தரும். முன்புறம் விழுந்தால் மார்பிலே அடிபடலாம் என்ற குறை அதற்குண்டு. தடித்த மேற்சட்டையின் மேல் அணிவதால் அது ஓரளவு குறையும். இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால், கைபிடித் தண்டிலே வைப்பதே அபாயம் மிகக் குறைந்தது எனலாம். எல்கடுவை வளைவுகளும் ரிவர்ஸ்டன் மூடுபனியும் அங்கிருந்து பார்த்தாலும் அழகாகவே தோன்றும்.

எங்கே வைத்தாலும், கமராவினால் நேரும் மற்றோர் அபாயம் உண்டு. அது மனத்தைப் பற்றியது. கமரா ஓடுகிறது என்ற எண்ணம் சிலரை வேகமாகச் செல்லத் தூண்டுகிறது. படம் பதிவாகிறதா என்று அறிய ஒரு கையை எடுத்துப் பொத்தானை அழுத்திப் பார்ப்பாரும் உண்டு. மணிக்கு 60 கிலோமீற்றரில் செல்லும் வண்டி, ஒரு வினாடியிலே ஏறத்தாழ 17 மீற்றர் கடந்துவிடுகிறது. மலைப்பாதையின் அடுத்த வளைவுக்கு அப்பால், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளோ, மேயும் மாடோ, பாரமேற்றிய லொறியோ இருக்கலாம். புறப்படுமுன் பொத்தானை அழுத்திவிடுங்கள். நிறுத்திய பின்னரே மீண்டும் தொடுங்கள். தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் பெண்களையும், கோயில் வீதியிலே வழிபடுவோரையும் அவர்கள் அறியாமல் படம் பிடித்து உலகுக்குக் காட்டுவது பண்பாகாது. நிறுத்தி, கேட்டு, அவர்கள் இசைந்தபின் எடுத்த படத்துக்கே மதிப்புண்டு.

கடைசியாக ஒன்று கூறுவோம். பலத்த அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியலாகாது. வெளியோட்டிலே கீறல் மட்டுமே தெரிந்தாலும், உள்ளே நுரை தன் கடமையை ஒரு முறை செய்து முடித்துவிட்டது. நசுங்கிய நுரை மறுபடி விரியாது. கமரா ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி அடிபட்டிருந்தால், இரண்டாம் எண்ணத்திற்கே இடமில்லை. புதுக் கவசத்தின் விலை ஒரு கமராவின் விலையிலும் பெரும்பாலும் குறைவானதே.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்ற பழமொழியை நாம் நற்பேற்றைக் குறிக்கக் கூறுகிறோம். மோட்டார் சைக்கிளோட்டிக்கு அந்தத் தலைப்பாகை அவன் அணிந்த கவசம். தலைக்கு வருவதைத் தான் ஏற்றுக்கொள்ளும் வலிமை அதற்கு இருக்கும்படி வைத்திருப்பது அவன் பொறுப்பு. கமராவைப் பொருத்துவோர் அது காற்றுக்கு நிற்குமா என்று கேட்பதோடு அமையாமல், வீழ்ச்சியிலே விலகுமா என்றும் கேட்பாராக. இரண்டுக்கும் ஆம் என்று விடை கிடைத்தாலன்றிக் கமராவைக் கவசத்திலிருந்து இறக்கிக் கைபிடித் தண்டிலே வைப்பாராக. மலையின் அழகைக் காண மறுநாளும் அவர் போகலாம். மலை அங்கேயே இருக்கும்.